நிறுத்தி வைத்த லிஃப்டின் சத்தம்

மார்ச் 3

அண்ணிக்கு,

போனில் பேசாமல் மெயில் அனுப்புகிறாளே என்று பயந்துவிட வேண்டாம். இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். பொடிசுக்குச் சளி விட்டுவிட்டது. அண்ணன் சமையலைக் கையில் எடுத்திருப்பதால் எல்லோரும் கொஞ்சம் இளைத்திருக்கிறோம், அவ்வளவுதான். நீங்கள் போனில் வந்தால் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறான். உங்கள் மகள் பொடிசு போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறாள். நான் சொல்ல வேண்டியது நம் புராஜெக்ட் பற்றியது. அது இப்போதைக்கு நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும்.

நீங்கள் அந்த ஊருக்கு வேலைக்குக் கிளம்பியபோது, ரிப்போர்ட்டில் என்ன பாக்கி என்று கேட்டீர்கள். ஒரே ஒரு பக்கம் என்றேன். அந்த ஒரு பக்கம்தான் இப்போது வில்லங்கமாகிவிட்டது. நம் கைடு மேடம் எல்லா மாணவர்களிடமும் கேட்கிற பக்கம் அது. "உங்க முடிவு தப்புன்னா அது எப்படித் தெரிய வரும்? அதைக் கண்டுபிடிக்க என்ன செஞ்சு பார்த்தீங்க?" மற்றவர்கள் நாலு வரி மழுப்பி எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நானும் மழுப்பத்தான் உட்கார்ந்தேன். எழுதிய நாலு வரியும் எனக்கே சிரிப்பாக இருந்தது. சரி, எதையாவது உண்மையிலேயே செய்துவிட்டு எழுதுவோம் என்று எழுந்து போனேன்.

நம் புரோகிராம் என்ன செய்கிறது? லிஃப்ட் ஓடும் சத்தத்தைப் போனில் பதிந்து கொடுத்தால் நல்ல நிலையா, பழுதா என்று சொல்கிறது. சத்தமே இல்லாவிட்டால் என்ன சொல்லும்? அதை நாம் கேட்டுப் பார்த்ததே இல்லை. பொடிசை விடுகிற குழந்தைகள் காப்பகத்துக்கு எதிரே உள்ள புதுக் கட்டடத்தில், காவலாளியிடம் கெஞ்சி, லிஃப்டை நிறுத்தச் சொல்லி, மேலே மோட்டார் அறையில் நின்று பதிந்துகொண்டு வந்தேன். நிறுத்தி வைத்த லிஃப்ட். போன மாதம்தான் பொருத்திய புத்தம்புது லிஃப்ட்.

புரோகிராம் "பழுது" என்றது. தொண்ணூற்றெட்டு சதவீத நிச்சயத்தோடு.

பிறகு என் அறையைப் பதிந்து கொடுத்தேன். பழுது. துணி காயப்போடும் மாடியைக் கொடுத்தேன். அதுவும் பழுது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்ததைக் கொடுத்தேன். பழுது என்றது, அதை மட்டும் சரியான பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

என்னவோ சரியில்லை அண்ணி. யோசித்துவிட்டு எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 6

நோண்டிக்கு,

உனக்கு இந்தப் பெயர் வைத்தது நான்தான். இத்தனை பொருத்தமாக அமையும் என்று அன்றைக்குத் தெரியாது.

உன் மெயிலை ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். டப்பாவை மூடி வைத்துவிட்டேன். முடிந்து மூட்டை கட்டின வேலையை எதற்காகப் பிரித்துக் கலைக்கிறாய்? நமது புரோகிராம் லிஃப்டுக்குச் செய்தது. லிஃப்ட் சத்தம் கொடுத்தால் லிஃப்டைப் பற்றிச் சொல்லும். உன் அண்ணன் குறட்டையைக் கொடுத்தால் பாவம், அது என்ன செய்யும், ஏதோ ஒன்றை உளறும். தையல் மெஷினில் தகரத்தை விட்டுவிட்டு ஊசி உடைந்தது என்று புகார் சொல்கிற மாதிரி இருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். படிப்பின் பெயரில் "அறிவியல்" என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருப்பதால் நாம் விஞ்ஞானிகள் ஆகிவிடவில்லை. நாம் ஒரு பொருளைச் செய்தோம். தச்சர் நாற்காலி செய்து வைத்தால் அதில் உட்கார்ந்து பார்ப்போமா, இல்லை உங்கள் கருதுகோள் என்ன, அதைப் பொய்யாக்க என்ன சோதனை செய்தீர்கள் என்று அவரைக் குடைவோமா? மேடத்துக்கு வேறு வேலை இல்லை. உனக்கும் இல்லை என்று தெரிகிறது.

அப்படியே உன் வழிக்கு வந்தாலும், ஒரே ஒரு லிஃப்டை, ஒரே ஒரு தடவை நிறுத்திப் பார்த்துவிட்டு முடிவுக்கு வருவது எந்த ஊர் விஞ்ஞானம்?

எனக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று உனக்குத் தெரியும். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்து, முப்பத்திரண்டு வயதில் கிடைத்த முதல் வேலை. லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனி இது. நம் புராஜெக்டைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். பட்டம் கையில் வந்தால்தான் நிரந்தரம் ஆக்குவார்கள். நிரந்தரம் ஆனால்தான் உன் அண்ணனும் பொடிசும் இங்கே வர முடியும். இங்கே என் அறையில் இரண்டு ஜன்னல், ஒரு கட்டில். சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால், காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. யாரும் எதையும் நகர்த்துவதில்லை. எனக்கு அது தாங்கவில்லை.

அந்த நாலு வரியை எழுதிக் கொடுத்துவிடு.

அண்ணி


மார்ச் 14

அண்ணிக்கு,

ஒரு தடவை போதாது என்றீர்கள். நியாயமான பேச்சு. அதனால் ஒழுங்காகச் செய்தேன்.

முதலில் யோசித்தேன், நிறுத்தி வைத்த லிஃப்டிலும் என் அறையிலும் மாடியிலும் பொதுவாக என்ன இருந்தது? நான் இருந்தேன். என் போன் இருந்தது. அது கீழே விழுந்ததிலிருந்து பின்னணியில் "ஸ்ஸ்" என்று ஒரு மெல்லிய இரைச்சல் பதிகிறது. பேசும்போது தெரியாது, காதை வைத்துக் கேட்டால் தெரியும்.

இப்போது நாம் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டதை நினைத்துப் பாருங்கள். பொடிசைக் காப்பகத்தில் விட்டுவிட்டு ஓடி வர வேண்டும் என்பதால், பக்கத்தில் உள்ள புதுக் கட்டடங்களை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். நான் ரிப்பேர்காரர்களோடு ஊரெல்லாம் சுற்றிப் பழுதான லிஃப்ட்களைப் பதிந்தேன். நல்ல லிஃப்ட் முழுக்க உங்கள் போன். கெட்ட லிஃப்ட் முழுக்க என் போன். புரோகிராம் கற்றுக்கொண்டதும் அந்தப் பதிவுகளில். நாம் அதற்குப் பரீட்சை வைத்ததும் அதே பதிவுகளில் எடுத்து ஒதுக்கி வைத்ததை வைத்துத்தான். இரைச்சல் இருந்தால் பழுது, இல்லாவிட்டால் நல்லது என்று அது பிடித்துக்கொண்டிருந்தால் நாம் ரிப்போர்ட்டில் பெருமையாக எழுதிய தொண்ணூற்றேழு சதவீதம் என்ன, அதற்கு மேலும் வாங்கும்.

இது என் சந்தேகம். சந்தேகத்தைச் சோதிக்க வழி இருந்தது. நீங்கள் பொடிசு விளையாட விட்டுப்போன பழைய போனை அவளிடமிருந்து வாங்கினேன். சும்மா தரவில்லை, என் கண்ணாடியை அடகு வைத்துக்கொண்டாள். என்ன வரும் என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி மேடத்திடம் கொடுத்துவிட்டேன், பிறகு பேச்சை மாற்றக் கூடாதே. உங்கள் போனோடு பழுதான லிஃப்ட்களுக்குப் போனேன். என் போனோடு நல்ல லிஃப்ட்களுக்குப் போனேன்.

உங்கள் போனில் பதிந்த பழுதுகள் எல்லாம் "நல்ல நிலை". கயிறு பிரிந்து, ஆள் ஏற்றக் கூடாது என்று பூட்டி வைத்திருந்த ஒன்று உட்பட. என் போனில் பதிந்த நல்லவை எல்லாம் "பழுது". நம் புரோகிராம் லிஃப்டை ஒரு நாளும் கேட்டதில்லை அண்ணி. போனைப் பிடித்திருப்பது அண்ணியா, நாத்தனாரா என்று மட்டும் மிகச் சரியாகச் சொல்கிறது.

நாற்காலியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தே பார்க்கவில்லை. அதைச் செய்த மரத்தையே அதன் மேல் வைத்துப் பார்த்து, தாங்குகிறது என்று எழுதிவிட்டோம்.

எல்லாவற்றையும் சுருக்கமாக எழுதி மேடத்திடம் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இப்பதான் உங்க ரிப்போர்ட்ல படிக்கறதுக்கு ஏதோ இருக்கு," என்றார். இதையும் ஓர் அத்தியாயமாக எழுதி, தலைப்பை மாற்றி, மாத முடிவுக்குள் கொடுத்தால் ஏற்றுக்கொள்வாராம். தலைப்பை மாற்ற இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தை இணைத்திருக்கிறேன்.

நாத்தனார்


மார்ச் 17

கையெழுத்துப் போடுவதாக இல்லை.

நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். எங்கேயாவது ஓட்டை கிடைக்குமா என்று பார்த்தேன். கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், அந்தத் திருப்தி உனக்கு இருக்கட்டும். ஆனால் எல்லோர் புராஜெக்டையும் இப்படிக் குடைந்தால் எது நிற்கும்? நம் வகுப்பில் பாதிப் பேர் தங்களுக்குச் சாதகமான எண்ணை எடுத்து அட்டவணை போட்டவர்கள்தான். அவர்களுக்கெல்லாம் நாத்தனார் வாய்க்கவில்லை.

இன்டர்வியூவில் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "எத்தனை சதவீதம் சரியா சொல்லுது?" சொன்னேன். கையைக் குலுக்கினார்கள். எப்படிச் சோதித்தீர்கள் என்று யாருமே கேட்கவில்லை. சேர்ந்த பிறகு எங்கள் மேனேஜர், மேலிடத்துக்காரர்களைக் கூட்டி உட்கார வைத்து, நம் பழைய பதிவுகளை ஓட்டிக் காட்டச் சொன்னார். ஒவ்வொரு பதிலும் சரி என்று பட்டியல் முழுக்கப் பச்சை விளக்காக எரிந்தது. வருகிற வாரம் ஒரு குடியிருப்பில் சோதனை ஓட்டம். இனி மெக்கானிக்குகள் எல்லா லிஃப்டுக்கும் மாதா மாதம் போக வேண்டாம், புரோகிராம் பழுது என்று சொல்கிற லிஃப்டுக்குப் போனால் போதும் என்று திட்டம். இந்த நேரத்தில் நான் போய் என்ன சொல்வது? ஐயா, என் வீட்டு நாத்தனார் ஒரு தாள் எழுதியிருக்கிறாள் என்றா?

ஒன்று கேட்கிறேன், மனதில் கை வைத்துச் சொல். எனக்கு வேலை உறுதியானால் உன் அண்ணனும் குழந்தையும் அந்த வீட்டை விட்டு வந்துவிடுவார்கள். உனக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காததால்தான் இந்த ஓட்டை உன் கண்ணில் பட்டது. இல்லையென்றால் அந்த நாலு வரியை எழுதிவிட்டுப் போயிருப்பாய். இத்தனை நாள் நாம் அக்கா தங்கை மாதிரிதான் இருந்தோம். கடைசியில் நாத்தனார் வேலையைக் காட்டிவிட்டாய்.


மார்ச் 18

அண்ணி,

கேட்ட கேள்விக்குப் பதில், ஆமாம். பிடிக்கவில்லை.

பொடிசு என் அறையில்தான் தூங்குகிறாள். என் புத்தகத்தில் அவள் கிறுக்காத பக்கம் இல்லை. அவளும் அண்ணனும் கிளம்பிவிட்டால் இந்த வீட்டில் நானும் அப்பாவும் அவர் டிவியும்தான் மிச்சம். நீங்கள் போனதிலிருந்து தினமும் அதை நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் அந்த ஆசை என்னைத் திசைதிருப்பலாம் என்பது எனக்கும் தெரியும். உங்களுக்கு முன்னாலேயே தெரியும். போனை மாற்றிப் பதிந்தபோது எனக்கே என் மேல் நம்பிக்கை இல்லை. எனக்கு இந்த முடிவு வேண்டியிருந்தது. வேண்டியிருக்கிறவள், தெரிந்தோ தெரியாமலோ, போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பாள், சந்தேகமான பதிவைத் தூக்கிப் போடுவாள். அதனால் மேடத்திடம் வெட்கத்தை விட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் வேறு வகுப்பிலிருந்து இரண்டு பேரை அனுப்பினார். எந்தப் போன் யாருடையது, எந்த லிஃப்ட் நல்லது என்று எதுவும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அவர்கள் பதிந்ததை மேடமே ஓட்டிப் பார்த்தார். நான் வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். போன மெயிலில் எழுதிய முடிவு நான் பதிந்ததில் வந்தது இல்லை, அவர்கள் பதிந்ததில் வந்தது, அன்று உங்களிடம் இதை எழுதாமல் விட்டேன். நான் பதிந்தவற்றை ரிப்போர்ட்டில் சேர்க்கவே இல்லை.

விஞ்ஞானம் நமக்கு இல்லை என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆசை உள்ளவர்கள் தங்கள் ஆசையை அறைக்கு வெளியே உட்கார வைக்க ஒரு வழி, அவ்வளவுதான். எனக்கு அது தேவைப்பட்டது.

இனி கையெழுத்தைப் பற்றிக் கேட்க மாட்டேன். ஒன்று மட்டும் சொல்லுங்கள். இப்போது உங்களிடம் இருப்பது கம்பெனி கொடுத்த புதுப் போன், இல்லையா? அதில் இரைச்சல் இருக்காது. அப்படியென்றால் அந்தக் குடியிருப்பில் எல்லா லிஃப்டையும் நல்ல நிலை என்றுதான் சொல்லும். மெக்கானிக் எந்த லிஃப்டுக்கும் வர மாட்டார். அந்த வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள்?


மார்ச் 27

நோண்டிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோபம் ஒரு காரணம். உன் கடைசிக் கேள்வி இன்னொரு காரணம்.

யார் இருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்தேன். ஏழு மாடிக் கட்டடம். கீழ்த்தளத்தில் ஒரு பல் மருத்துவர். நான் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது தள்ளுவண்டிக் குழந்தையோடு ஒருத்தி வந்தாள், பை நிறைய சாமானோடு ஒரு பெரியவர் வந்தார். அவர் என் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைப் பார்த்துவிட்டு, "நீங்கதான் செக் பண்றவங்களா? சரியாப் பாத்துடுங்கம்மா, எனக்கு முட்டி வலி, படி ஏற முடியாது," என்றார். சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

மறுநாள் எங்கள் மெக்கானிக் ஒருவரிடம், உங்கள் கையில் இப்போது இருப்பதிலேயே மோசமான லிஃப்ட் எது என்று கேட்டேன். பிரேக் கட்டை தேய்ந்து, தளத்துக்கு ஒரு சாண் கீழே போய் நிற்கிற ஒன்றுக்குக் கூட்டிப் போனார். மோட்டார் அறையில் எண்ணெய்ப் பிசுக்கு, நிற்க இடமில்லை. பதிந்தேன். நல்ல நிலை. நீ செய்த மாதிரியே மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லிவிட்டு மறுபடி பதிந்தேன். நல்ல நிலை. மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, "ஓடாத லிஃப்ட் யாருக்கும் கெடுதல் செய்யாதுங்க, கரெக்டாத்தானே சொல்லுது," என்றார். அவர் தமாஷுக்குச் சொன்னார். நான் போனைப் பையில் போட்டுக்கொண்டு நேராக ஆபீஸுக்குப் போனேன்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை, பதட்டப்படாதே. என் புரோகிராம், என் தப்பு என்றே சொன்னேன். உன் சோதனையை அவர் மேஜை மேல், அவர் போனிலேயே செய்து காட்டினேன். அவருடைய மின்விசிறி நல்ல நிலையில் இருப்பதாகப் பதில் வந்தது. அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "இதை இன்டர்வியூல ஏன் சொல்லலை?" என்றார். "நீங்க கேக்கலை, எனக்கும் தெரியலை சார்," என்றேன். கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார். சோதனை ஓட்டம் நின்றுவிட்டது. என்னைப் பற்றி அடுத்த மாதம் சொல்வார்களாம்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். ரிப்போர்ட்டில் ஒன்று சேர்த்துக்கொள். நீ பிறகு அனுப்பிய வரைவில், பதிவுகளை இரண்டு பேர் பிரித்துக்கொண்டார்கள் என்று மொட்டையாக எழுதியிருக்கிறாய். ஏன் அப்படிப் பிரித்தோம் என்று எழுது. ஒருவருக்குச் சிறு குழந்தை இருந்ததால் காப்பகத்துக்கு அருகில் உள்ள கட்டடங்களை அவர் எடுத்துக்கொண்டார் என்று நேராகவே எழுது. படிக்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நம்மைப் போல இன்னொரு வீட்டில் யாராவது வேலையைப் பங்கு போட்டுக்கொண்டிருப்பார்கள்.

உன்னைச் சொன்ன சொல்லுக்கு வருத்தப்படுகிறேன். சொன்னது உண்மையாக இருந்ததற்கும் வருத்தப்படுகிறேன்.

அண்ணி


ஏப்ரல் 21

அண்ணிக்கு,

உங்கள் போன் வந்தபோது அண்ணன் வீட்டை இரண்டாக்கிவிட்டான். நீங்கள் சொன்னதை எனக்கு அவன் திருப்பிச் சொன்ன விதத்தில் பாதி புரியவில்லை, அதனால் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன், தப்பானால் திருத்துங்கள். வேலை நிரந்தரம். ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் இல்லை. ஆறு மாதம் மெக்கானிக்குகளோடு மோட்டார் அறை மோட்டார் அறையாக ஏறி, ஒவ்வொரு லிஃப்டையும் பல போன்களில் பதிய வேண்டும். மேனேஜர் உங்கள் நேர்மையை மெச்சி ஒன்றும் தரவில்லை. இப்படி ஒரு புரோகிராம் வரப்போகிறது என்று மேலிடத்தில் ஏற்கெனவே சொல்லிவிட்டார், அதில் என்ன கோளாறு என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். எப்படியோ, பட்டம் வந்ததும் நிரந்தரம் என்ற கடிதம் கைக்கு வந்துவிட்டது.

நம் வாய்மொழித் தேர்வு நேற்று முடிந்தது. நீங்கள் திரையில் பேசிவிட்டுப் போன பிறகு, வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என்னை இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தார். "அப்ப உங்க புரோகிராம் எதுக்குமே உதவாது, இல்லையா?" என்றார். ஆமாம் என்றேன். "இது உதவாதுங்கறதை எவ்வளவு நிச்சயமா சொல்வீங்க?" என்றார். அதற்கு மட்டும் என்னிடம் நாற்பது பக்கம் இருந்தது. தேர்ச்சி. மதிப்பெண் சுமார்தான்.

என் இன்னொரு கணிப்பை உங்களிடம் சொல்ல வேண்டும். இதை எந்தத் தாளிலும் எழுதவில்லை, மேடத்திடமும் கொடுக்கவில்லை. நீங்கள் உண்மையைச் சொன்னால் வேலை போகும், திரும்பி வந்துவிடுவீர்கள், எல்லோரும் பழையபடி இங்கேயே இருப்போம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது நடக்கட்டும் என்று விரும்பிக்கொண்டும் இருந்தேன். கணிப்பு தவறிவிட்டது. அழுதேன், அதை மறைக்க ஒன்றுமில்லை.

சனிக்கிழமை காலை வண்டியில் அண்ணன், பொடிசு, நான் மூன்று பேரும் கிளம்புகிறோம். நான் திங்கட்கிழமை திரும்பிவிடுவேன். பொடிசு புது இடத்தில் முதல் இரண்டு ராத்திரி யாரையாவது பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். முதல் ராத்திரி என்னோடு படுக்கட்டும். இரண்டாவது ராத்திரி நீங்கள் பக்கத்தில் படுங்கள், நான் வெளியே உட்கார்ந்துகொள்கிறேன்.

உங்கள் நாத்தனார்